மலிவு என்றால் மட்டமா?

நம்முடைய மத்தியதர வீடுகளில் இரக்கத்துக்குரிய பிராணி ஒன்று உண்டு. கொல்லைப்புறத்தில், கிழிந்த சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு, பல்லி முட்டைக்கும் சிலந்தி வலைக்கும் இடம் கொடுத்து முடங்கிக் கிடக்கிற மலிவு விலை ஜெனரேட்டரைத்தான் சொல்கிறேன். வருஷம் முழுவதும் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காற்றும் மழையுமாய் ஊரே இருண்டுபோன ராத்திரியில்தான் அதன் ஞாபகம் வருகிறது. சாக்கை உதறிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இருபது தரம் இழுக்கிறோம். இருபத்தோராவது தரமும் அது கிளம்பாவிட்டால், "அப்போதே சொன்னேனே, மலிவுச் சரக்கு மலிவுச் சரக்குதான்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மெழுகுவத்தி தேடப் போய்விடுகிறோம்.

இது அநியாயமான தீர்ப்பு என்று வாதாடவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கூண்டில் நிற்க வேண்டியது யந்திரம் அல்ல, நாம்தான். முதல் குற்றவாளியாக என்னையே நிறுத்திக்கொள்கிறேன். ஆகையால் மற்றக் குற்றவாளிகள் என்மேல் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

2012-ஆம் வருஷத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. எழுதுகிறவன் பிழைப்பு விளக்கை நம்பி நடப்பது. விசிறி மட்டையும் கையுமாக உட்கார்ந்து ஒரு தொடர்கதையின் நான்கு அத்தியாயங்களை எழுதிய பிறகு, ஐந்தாவது அத்தியாயத்தில் கதாநாயகியைக் கொன்றுவிடலாமா என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அந்த அப்பாவிப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகவே கடைக்குப் போய், இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வந்தேன். "1000 வாட், சார். வீட்டையே தூக்கும்" என்றார் கடைக்காரர்.

வீட்டைத் தூக்கவில்லை. ஒரு குளிர்பெட்டி, மூன்று மின்விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி, நான்கு விளக்கு, அதற்கு மேல் மனைவி சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். யந்திரம் ஒருமுறை இருமி, விளக்குகளை மங்கவைத்து, உறுமி நின்றுவிட்டது. இப்படிப் பத்து நாள் நடந்தது. பிறகு மின்வெட்டு குறைந்தது. பெட்ரோலோடு அப்படியே அதைக் கொல்லைக்குத் தள்ளினேன். மறு வருஷம் கிளப்பப் பார்த்தபோது அது கிளம்பவில்லை. மலிவுச் சரக்கு!

இந்த அபிப்பிராயத்தோடு பத்து வருஷம் நிம்மதியாக இருந்தேன். அதைக் குலைத்தது திருப்பாலைக்குடியில் கழித்த ஒரு ராத்திரி.

திருப்பாலைக்குடி ராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீன்பிடி ஊர். 2022-ஆம் வருஷம் ஐப்பசியில், ஒரு நாவலுக்காக அந்தக் கடற்கரையைப் பார்க்கப் போயிருந்தேன். தெரிந்தவர் மூலம் பழக்கமான ஒரு மீனவத் தம்பியின் வீட்டில் தங்கல். நாட்டுப்படகு ஒன்றை வைத்துப் பிழைக்கிற குடும்பம். வயசான தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் பிடித்த மழை இரவு எட்டு மணிக்கு வலுத்தது. எங்கேயோ மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தது போலும். ஊர் மொத்தமும் இருண்டது.

சிறிது நேரத்துக்கெல்லாம் உள்ளே அந்தத் தாயாருக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்குகிற சத்தம் திண்ணை வரைக்கும் கேட்டது. அந்த அம்மாளுக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற சிறிய மின்சாரக் கருவி ஒன்று வீட்டில் உண்டு. மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. நான் பதறிப்போனேன். "தம்பி, வண்டி கிண்டி கிடைக்குமா? ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமே!" என்றேன்.

"ஒண்ணும் பதறாதீங்க ஐயா. ஆத்தாவுக்கு இது வழக்கந்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் கொல்லைக்குப் போனார். இரண்டே இழுப்பு. இரண்டாவது இழுப்பில் ஒரு சின்ன ஜெனரேட்டர் உயிர் பெற்று, சீராக ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் அந்த அம்மாளுடைய மூச்சு தணிந்தது. டார்ச்சை வாங்கிக்கொண்டு போய் அந்த யந்திரத்தைப் பார்த்தேன். என்னுடையதின் உடன்பிறப்பு! அதே மாதிரி, அதே அளவு. வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது என்றார். உப்புக் காற்று இரும்பைத் தின்கிற அந்தக் கடற்கரையில் பத்து வருஷம்!

கொல்லைச் சுவரில் கரியால் ஒரு கணக்கு எழுதியிருந்தது. விளக்கு 9, காத்தாடி 75, ஆத்தா மிஷின் 150, பொட்டி 150 என்று வரிசையாகப் போட்டு, கீழே கோடு கிழித்து, 850 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருந்தார்.

"1000 என்றல்லவா கடையில் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"சொல்லுவாக, ஐயா. அது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஓட்டம் ஓடுறது. அப்புடியே ராமநாதபுரம் வரைக்கும் ஓட முடியுமா? நாள் முச்சூடும் ஓடுறதுக்கு இது 850-தான். தகட்டுலயே போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். போட்டிருந்தது. என்னுடைய யந்திரத்திலும் போட்டிருக்கத்தான் வேண்டும். பத்து வருஷத்தில் நான் ஒரு தரம் குனிந்து படித்ததில்லை.

இங்கேதான் நம் முதல் குற்றம் இருக்கிறது. வியாபாரி பெரிய எழுத்தில் அச்சடிக்கிற எண் உச்ச சக்தி. சில விநாடிகளுக்குத் தாங்கக்கூடியது. தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி என்பது வேறு எண். அது சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தைக் காட்டி விற்பது வியாபாரியின் சாமர்த்தியம். அதை நம்பிச் சின்ன எழுத்தைப் படிக்காமல் விடுவது படித்தவர்களாகிய நம்முடைய லட்சணம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாம் யந்திரம் கோணல் என்கிறோம்.

தகட்டைப் படித்தால் மட்டும் போதாது. மோட்டார் உள்ள சாமான்கள் எல்லாம் கிளம்புகிற கணத்தில் ராட்சசப் பசியோடு கிளம்பும். ஓடும்போது 150 வாட் கேட்கிற குளிர்பெட்டி, கிளம்பும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். மேலே சொன்ன உச்ச சக்தி எதற்கென்றால் இந்தக் கணத்துக்குத்தான். ஆகவே பெரிய பசிக்காரனுக்கு முதல் பந்தி போட வேண்டும். யந்திரம் கிளம்பி இரண்டு மூன்று நிமிஷம் வெறுமனே ஓடிச் சூடேறிய பிறகு, முதலில் குளிர்பெட்டி, அது ஓட்டத்தில் நின்ற பிறகு விசிறிகள், கடைசியில் விளக்குகள். நிறுத்தும்போதும் சாமான்களை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் யந்திரத்தை நிறுத்த வேண்டும். நான் செய்தது என்ன? எல்லாப் பொத்தான்களையும் போட்டு வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். குருவியின் தலையில் பனங்காயைக் கட்டிவிட்டுப் பறக்கவில்லையே என்று வைதேன்.

இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கொதிகலனும் இந்த யந்திரத்தின் கிட்டேயே வரக் கூடாது. கொதிகலன் ஒன்றே 2000 வாட் கேட்கும். அன்று ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து தம்பியின் மைத்துனர் ஒருவர் வந்து, "மச்சான், மோட்டாரைக் கொஞ்சம் போட்டுக்கிறேன், தொட்டி காலியாக் கெடக்கு" என்று கேட்டார். "இல்ல மச்சான். ரெண்டு குடம் தண்ணி வேணுமின்னா எங்க வீட்டுல எடுத்துக்க. மோட்டாரு வேணாம்" என்று இவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். நாமாக இருந்தால் தாட்சணியத்துக்காகச் சரி என்றிருப்போம். நம் கௌரவத்துக்காக யந்திரம் செத்திருக்கும். நைஜீரியா தேசத்தில் இப்படிப்பட்ட குட்டி ஜெனரேட்டருக்கு ஜனங்கள் வைத்திருக்கிற செல்லப் பெயர், "பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்" என்று அர்த்தப்படும். உலகம் எங்கும் மனித சுபாவம் ஒன்றுதான். நம் வீட்டில் வெளிச்சம் இருக்கிறது என்பதைவிட, அடுத்த வீட்டில் இல்லை என்பதில் அல்லவா நமக்கு மகிழ்ச்சி!

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன். மத்தியதர வகுப்பாருக்குப் பணத்தைச் சொன்னால்தான் நியாயம் புரியும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கியிருக்கிற உஷ்ணத்தை மின்சார அளவில் சொன்னால் சுமார் ஒன்பது யூனிட். அதிலிருந்து ஒரு சின்ன ஜெனரேட்டர், நல்ல சுமையில் ஓடும்போது, ஒன்று அல்லது ஒன்றரை யூனிட் மின்சாரத்தைத்தான் எடுத்துக் கொடுக்கும். மற்றது சூடாகவும் சத்தமாகவும் புகையாகவும் போய்விடும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டின் விலை எழுபதிலிருந்து நூறு ரூபாய். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட்டை 2016 முதல் இலவசமாகவே கொடுக்கிறார்கள். இலவசமாக வருகிற மின்சாரத்தைச் செலவழிப்பது போலவே நூறு ரூபாய் மின்சாரத்தையும் செலவழித்தால், குற்றம் யந்திரத்தின் மேலா?

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரே ஒரு விளக்குக்காக யந்திரத்தை ராத்திரி முழுவதும் ஓட்டினாலும் நஷ்டந்தான். அப்போது ஒரு லிட்டருக்கு முக்கால் யூனிட் தேறுவதே அதிகம். ஸ்பார்க் பிளக்கிலும் கரி படியும். தாங்கும் சக்தியில் பாதிக்கு மேல், முக்கால் வரைக்கும் சுமை ஏற்றி, அளவான நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். இந்தத் தம்பி அதைத்தான் செய்தார். ஒரு மணி நேரம் ஓட்டினார். அதற்குள் ஆத்தாவுக்கு மருந்து. குளிர்பெட்டிக்கு மறுபடியும் குளிர்ச்சி. கைபேசிகளுக்கும் பாட்டரி விளக்குகளுக்கும் மின்னேற்றம். பிறகு நிறுத்திவிட்டார். பாட்டரி விளக்கின் வெளிச்சத்தில் சாப்பிட்டோம். நடுராத்திரியில் மறுபடியும் தேவைப்பட்டபோது மறுபடியும் ஓட்டினார். விடியும்வரை ஆன செலவு ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்தக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். 1990-ஆம் வருஷம் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு, அந்தக் குடாநாட்டுத் தமிழர்கள் பல வருஷ காலம் மின்சாரம் இல்லாமலும், பெட்ரோலுக்குத் தடை விதிக்கப்பட்டும் வாழ்ந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில சொட்டுப் பெட்ரோலை விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் சிறு திரி போட்டு, துளி எண்ணெயில் இரவு முழுவதும் எரிகிற விளக்குச் செய்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிக்கவைத்தார்கள். பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை விடும் வித்தையை இன்று யாரும் பின்பற்ற வேண்டாம். அது முழுதும் எரியாமல் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். நான் சொல்ல வந்தது வேறு. 'நமக்கு எவ்வளவு வேண்டும்?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'எவ்வளவு இருந்தால் போதும்?' என்று கேட்டார்கள். மலிவான யந்திரத்தை வைத்திருப்பவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். பராமரிப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்குக் கொட்டாவி வருகிறது. ஆனால் விஷயம் மிகவும் கொஞ்சந்தான்.

இந்தச் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஆயிலை வடிகட்ட ஒரு சாதனமும் கிடையாது. உள்ளே தேய்கிற இரும்புத் தூள் எல்லாம் ஆயிலோடேயே சுற்றிக்கொண்டிருக்கும். புது எஞ்சினில் இந்தத் தேய்மானம் அதிகம். ஆகையால் முதல் இருபது மணி நேரம் ஓடியதுமே ஆயிலை மாற்றிவிட வேண்டும். பிறகு கையேடு சொல்கிறபடி ஐம்பது அல்லது நூறு மணி நேரத்துக்கு ஒரு தரம். அந்த ஆயிலும் பலவற்றில் உள்ளே வாரியிறைக்கப்பட்டுத்தான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருகிறது. யந்திரத்தைச் சாய்வான தரையில் வைத்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, இன்னொரு பக்கம் காய்ந்துபோகும். நான் அதை வைத்திருந்தது கழிவுநீர் ஓடுவதற்காகச் சரித்துக் கட்டிய தளத்தில்!

அடுத்தது பெட்ரோல். மாதக்கணக்கில் கார்புரேட்டரில் தேங்கும் பெட்ரோல், பிசின் மாதிரி இறுகி, மயிரிழை போன்ற துவாரத்தை அடைத்துவிடும். இப்போது விற்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இதற்கு வைத்தியம் ஒரு காசு செலவில்லாதது. நிறுத்தும்போது விசையை அணைத்து நிறுத்தாமல், பெட்ரோல் குழாயின் திருகை மூடிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோல் தீர்ந்து யந்திரம் தானாக நிற்கும். பல மாதம் உபயோகமில்லை என்றால் தொட்டியையும் காலி செய்துவிட வேண்டும். மற்றபடி மாதம் ஒரு முறை கால் மணி நேரம், விசிறியும் விளக்கும் போட்டு ஓட்ட வேண்டும். இதில் இன்னொரு நன்மை உண்டு. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த தத்துவப்படி, காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றுக்கொன்று சுழன்றால்தான் மின்சாரம். பல ஜெனரேட்டர்களில், முதல் பொறியைத் தருவது இரும்பில் மிச்சமாகத் தங்கியிருக்கிற சொற்பக் காந்தந்தான். வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டால் அதுவும் மங்கிவிடும். எஞ்சின் ஓடும், மின்சாரம் வராது.

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர், அதைத் துடைத்து, சரிபார்த்துப் போட ஐந்து நிமிஷம். ஏர் பில்டரின் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்க அரை நாள். நீண்ட மெல்லிய ஒயரை ஊர்கோலமாக இழுக்காமல், தடித்த ஒயரைப் போட்டால் வழியில் மின்சாரம் வீணாகாது. கடற்கரையானால், சூடு ஆறியபின் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வைக்க வேண்டும். இவ்வளவுதான் சமாசாரம். வருஷத்துக்கு எல்லாமாகச் சேர்த்து ஒரு நாள் வேலை.

"இதையெல்லாம் எங்கே கற்றீர், தம்பி?" என்று அன்று கேட்டேன்.

"கத்துக்கிட என்ன ஐயா இருக்கு? படகுல எஞ்சின் இருக்குல்ல, அதுக்குச் செய்யுறதைத்தான் இதுக்கும் செய்யிறேன். நடுக்கடல்ல அது நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்புடுறது? ராத்திரி ரெண்டு மணிக்கு ஆத்தாவுக்கு இழுத்துச்சுன்னா அதுவும் நடுக்கடல்தானே?"

நான் வாயடைத்துப் போனேன். தன் உயிர் எந்த யந்திரத்தில் தொங்குகிறது என்று தெரிந்தவன், அதன் விலையைப் பார்ப்பதில்லை. நம் உயிரும் தொங்கத்தான் தொங்குகிறது; நமக்குத் தெரிவதில்லை. இதுதான் மூன்றாவது குற்றம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

2012-இல் ஒரு மழை ராத்திரி, யந்திரம் நனையக் கூடாதென்று அதைச் சமையலறையை ஒட்டிய கூரைபோட்ட நடையில் கொண்டுவந்து வைத்து ஓட்டினேன். சாரல் அடிக்கிறதென்று கதவையும் சாத்தினேன். ஒன்றரை மணி நேரத்தில் எனக்குத் தலைவலி, மனைவிக்கு வாந்தி. எட்டு வயசுப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்ப வெகு நேரம் உலுக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பெட்ரோல் தீர்ந்து யந்திரம் நின்றது. கதவைத் திறந்து வெளியே வந்து உட்கார்ந்தோம், எல்லாருக்கும் தெளிந்தது. சாயங்காலம் ஹோட்டலில் வாங்கி வந்த பரோட்டாவின் மேல் பழியைப் போட்டுவிட்டோம். அது கார்பன் மோனாக்ஸைடு என்று எனக்கு விளங்கியது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு ஏறுகிற இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். பெட்ரோல் தீர்ந்ததால் என் பேரன் பிழைத்தான். எந்த யந்திரத்தைச் சக்தியில்லாதது என்று வைதேனோ, அது இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் என் கதி என்ன?

திருப்பாலைக்குடித் தம்பி தன் யந்திரத்தை வீட்டுக்கு இருபது அடிக்கு அப்பால், காற்று வீட்டுப் பக்கம் திரும்பாத திசையில், நாலு கால் நட்டு மேலே ஒரு தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்தபடி வைத்திருந்தார். "ஆத்தாவுக்கு மூச்சுக் குடுக்க வாங்குன மிஷின், இருக்குற மூச்சையும் பறிச்சுடப்படாதுல்ல" என்றார்.

இன்னொரு கொலையும் நாம் அறியாமல் செய்யக் கூடியவர்கள். சுவரில் இருக்கிற மின்துளையிலேயே ஜெனரேட்டரின் ஒயரைச் செருகி, வீடு முழுவதையும் எரியவிடுகிற 'கெட்டிக்காரர்கள்' உண்டு. வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாயும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிற யந்திரம். தலைகீழாகப் பாய்ந்தால் நம் 230 வோல்ட்டை மறுபடியும் 11,000 ஆக ஏற்றிக் கம்பியில் விடும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களில் ஜனங்கள் பணம் சேர்த்து ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் இறங்கி, கம்பத்தில் ஏறி, இரவும் பகலும் வேலை செய்தார்கள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைக்கிற அப்படிப்பட்ட மனிதனுடைய உயிர், நம் வீட்டுச் சுவரில் ஒரு மாற்று சுவிட்ச் இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. ஜெனரேட்டர், அல்லது வாரியத்தின் மின்சாரம், இரண்டில் ஒன்றுதான் வீட்டுக்குள் வரமுடியும் என்று தடுக்கிற சுவிட்ச் அது. அதற்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் தனி ஒயர் இழுத்துச் சாமான்களை நேராக ஜெனரேட்டரில் மாட்டிக்கொள்ளட்டும். சுவர்த் துளையில் செருகுகிற பாவத்தை மட்டும் செய்ய வேண்டாம்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, ஐயா? இன்வெர்ட்டர் இருக்கிறதே!" என்பார்கள் சிலர். இருக்கட்டும். இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு அது உத்தமமான சாதனம், சத்தமில்லை, புகையில்லை. ஆனால் புயலடித்து ஐந்து நாள் மின்சாரம் வராவிட்டால் அந்தப் பாட்டரிக்கு யார் மின்னேற்றுவது? இந்தச் சின்ன யந்திரந்தான் ஏற்ற வேண்டும்.

"மின்சாரம் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை அல்லவா?" என்பார்கள் வேறு சிலர். சந்தேகமில்லாமல் கடமைதான், நானும் அதைக் கேட்கிறவன். ஆனால் திருப்பாலைக்குடியின் அனுபவத்தைப் பாருங்கள். அதன் பக்கத்து ஊரான உப்பூரில் 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் வருவதாக இருந்தது. கடல் கெடும், தொழில் கெடும் என்று சுற்று வட்டார மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. பிறகு அந்தத் திட்டமே அந்த இடத்தை விட்டுப் போயிற்று. அதே மாவட்டத்தில் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. எத்தனை மெகாவாட் வந்தாலும், ஒரு முருங்கைக் கிளை ஒரு தெருக் கம்பியில் விழுந்தால், அந்தத் தெருவுக்கு அன்றைய ராத்திரி ஒரு வாட்டும் இல்லை. அந்த ஒரு ராத்திரியில் ஒரு கிழவியின் மூச்சுக்கு வேண்டியது 150 வாட்.

மலிவு யந்திரத்துக்குக் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. சத்தம் அதிகம், புகை அதிகம், நுட்பமான மின்னணுச் சாமான்களுக்கு வேண்டிய சுத்தமான மின்சாரத்தை எல்லா மலிவு ஜெனரேட்டரும் தருவதில்லை. 3000 சுற்று சுற்றினால்தான் ஐம்பது சுழற்சி மின்சாரம் என்பதால், சுமை ஏறி இறங்கும்போது விளக்கு துடிக்கும். எல்லாம் வாஸ்தவம். ஆனால் குறைந்த சம்பளத்துக்கு வந்த வேலைக்காரனிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, அப்படியே இதனிடமும் நடந்துகொள்கிறோம். இரண்டு ஆள் வேலையை வாங்குகிறோம். நேரத்துக்குச் சோறு போடுவதில்லை. ஓட்டைத் திண்ணையில் படுக்கவைக்கிறோம். அவன் காய்ச்சலில் விழுந்தால், "மட்டமான ஆள்" என்கிறோம். விலை அதிகமான சாமானை மட்டும் பட்டுத்துணியால் துடைக்கிற இந்தப் புத்தி, சாமான்களோடு நின்றுவிடுகிற புத்தியல்ல.

ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், சாக்கை விலக்கியதுதான். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு மெக்கானிக் பையனைக் கூப்பிட்டேன். துவாரத்தை அடைத்திருந்த மஞ்சள் பிசினை அவன் ஊசியால் எடுத்துக் காட்டினான். புது ஆயில், புது பிளக், புதுப் பெட்ரோல். நாலாவது இழுப்பில் ஓடியது. தகட்டைத் துடைத்துப் படித்தேன். சின்ன எழுத்தில் 850 என்றுதான் இருந்தது. கொல்லைச் சுவரில் கரியால் கணக்கு எழுதினேன். சுவரை அசிங்கம் செய்கிறேன் என்று மனைவி சண்டைக்கு வந்தாள். பேரனைத் தட்டி எழுப்பிய அந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவளே ஒரு கரித்துண்டை எடுத்து, 'மிக்ஸி கூடாது' என்று கீழே எழுதினாள்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் ஒன்றுமில்லை. வெயில் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, ஐப்பசி பிறப்பதற்கு முன்னால், அந்தச் சாக்கை விலக்கிப் பாருங்கள்.